ஹேமர் டிரில் புகைஞ்சு நின்னுடுச்சு, வாரண்டி வராதுங்கறாங்க. உதவி தேவை

கொசுவலை_ஓஎம்ஆர் | ஞாயிறு இரவு 9:48
எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் அவசரம். ஆன்லைன்ல வாங்கின டிரில் மெஷின் வேலை நடுவுல புகை வந்து நின்னுடுச்சு. சர்வீஸ் சென்டர்ல கொடுத்தா வாரண்டில வராது, 1,150 ரூபா ஆகும்னுட்டாங்க. கஸ்டமர் கேருக்குப் போட்டா பாட்டு ஓடுது, அப்புறம் கட்டாயிடுது. மெஷின் விலையே 1,900தான். செவ்வாய்க்கிழமை ஒரு வீட்டு வேலை ஒத்துக்கிட்டிருக்கேன். என்ன பண்றதுன்னு யாராவது சொல்லுங்க.

மாடித்தோட்டம் | 9:55
எத்தனை வாட் மெஷின்? எப்போ வாங்கினது? பில் இருக்கா? வாரண்டி ஏன் வராதுன்னு என்ன காரணம் சொன்னாங்க? இதெல்லாம் இல்லாம யாரும் எதுவும் சொல்ல முடியாதுங்க.

அரை_இஞ்ச் | 10:02
கார்பன் பிரஷ்தான், சுத்தற மோட்டாருக்குக் கரண்ட் கொண்டுபோற கரித்துண்டு. சந்தேகமே வேண்டாம். மெஷின் பின்பக்கம் ரெண்டு ஓரத்துலயும் வட்டமா கறுப்பு மூடி இருக்கும். ஸ்க்ரூ டிரைவர் வச்சுத் திருகினா ஸ்பிரிங்கோட பிரஷ் வெளிய வந்துடும். பாதிக்கு மேல தேஞ்சிருந்தா மாத்திடுங்க. பிராட்வேல பழைய பிரஷ்ஷைக் கையில கொண்டுபோய்க் காட்டினா அதே அளவு எடுத்துக் கொடுப்பாங்க. காசும் பெருசா ஆகாது.

மாடித்தோட்டம் | 10:06
பிரஷ் தேஞ்சா மெஷின் விட்டு விட்டு ஓடும், அப்புறம் சத்தமில்லாம நிக்கும். புகை ஏன் வருது?

அரை_இஞ்ச் | 10:09
ஸ்பிரிங் சூடாகி பிரஷ் சரியா அழுத்தாம பொறி பறந்தாலும் புகை வரும். என் மெஷினுக்கு அப்படித்தான் ஆச்சு.

அம்பத்தூர்_லைன் | 10:15
எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு ஓட்டினீங்களா? அதுதான் காரணமா இருக்கும். ஒல்லி ஒயர்ல இருபது மீட்டர் இழுத்தா வோல்டேஜ் இறங்கி மோட்டார் திணறும், காயில் எரியும். எத்தனையோ பேருக்குச் சொல்லிட்டேன், யாரும் கேக்கறதில்ல.

பட்டறை_சீனியர் | 10:31
இந்த விலைக்கு வாங்கினா இதுதான் கிடைக்கும். மாசத்துக்கு ஒருத்தர் வந்து இதே கேள்வியைக் கேக்கறார். கேக்கறதுக்கு முன்னாடி பழைய இழைகளைத் தேடிப் பாக்கற பழக்கம் யாருக்குமே இல்ல. கூலி வாங்கிட்டு வேலை செய்யறவர் அதுக்கேத்த மெஷினோட போகணும். வீட்ல ஃபோட்டோ மாட்டறதுக்குச் செஞ்ச பொருளை எடுத்துட்டுப் போய் நாள் பூரா ஓட்டினா கம்பெனிக்காரன் என்ன செய்வான்?

கணக்குப்பிள்ளை | 10:44
@அம்பத்தூர்_லைன் ஐயா, கணக்கு உதைக்குது. 600 வாட் மெஷின்னே வச்சுப்போம். 230 வோல்ட்ல 2.6 ஆம்ப்ஸ்தான் இழுக்கும். 0.75 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயருக்கு ஒரு கிலோமீட்டருக்கு 26 ஓம். இருபது மீட்டர் பாக்ஸ்னா போக வர நாப்பது மீட்டர், அதாவது ஒரு ஓம் சொச்சம். இறங்கற வோல்டேஜ் மூணுகூட வராது. அதுல காயில் எரியாது.

அம்பத்தூர்_லைன் | 10:52
ஒயர் சுத்தச் செம்பா இருந்தாத்தானே உங்க கணக்கு? இப்போ வர்ற பாக்ஸ்ல பாதி செம்பு முலாம் பூசின அலுமினியம். அதோட கோடைல ராத்திரி எல்லா வீட்லயும் ஏசி ஓடறப்ப எங்க தெருவுல வரதே குறைச்சல்தான்.

கொசுவலை_ஓஎம்ஆர் | திங்கள் காலை 7:20
மன்னிக்கணும், நைட்டு தூங்கிட்டேன். 600 வாட், 13 மிமீ சக் (பிட் மாட்டற வாய்). வாங்கி ரெண்டு மாசம் ஆகல, வாரண்டி 6 மாசம். பில் போன்ல இருக்கு. "ஓவர்லோடு பண்ணி ஆர்மேச்சரை எரிச்சிட்டீங்க, எரிஞ்ச பாகத்துக்கு வாரண்டி இல்ல"ன்னு வாயால சொன்னாங்க. ஆர்மேச்சர்னா மோட்டார் உள்ள சுத்தற காயில் பாகமாம். நான் கொசுவலை, கர்ட்டன் ராடு மாட்டற வேலை பண்றேன். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போடல.

ஓட்டைமன்னன் | 7:41
எந்த வீடு? பழைய செங்கல் சுவரா, புது அபார்ட்மென்டா? என்ன பிட் போட்டீங்க?

கொசுவலை_ஓஎம்ஆர் | 7:50
பெரும்பாக்கம் பக்கம் புது அபார்ட்மென்ட். 8 மிமீ கான்கிரீட் பிட்.

ஓட்டைமன்னன் | 8:12
அப்படிச் சொல்லுங்க. அந்தப் பக்கம் இப்போ எழும்பற அடுக்குமாடியில நிறைய மைவான் கட்டடம். அலுமினிய அச்சுல சுவரையும் தளத்தையும் ஒண்ணா வார்த்துடுவாங்க. செங்கலே கிடையாது, நாலு பக்கமும் கம்பி போட்ட கான்கிரீட். நீங்க ஹேமர் டிரில்னு சொல்றது இம்பாக்ட் டிரில். உள்ள ரெண்டு பல்சக்கரம் ஒண்ணு மேல ஒண்ணு உரசித்தான் அதிர்வு வருது, நீங்க உடம்பால தள்ளினாத்தான் இறங்கும். தள்ளத் தள்ள மோட்டார் வேகம் குறையும், கரண்ட் ஏறும், காத்தாடியும் மெதுவாச் சுத்தறதால சூடு வெளிய போகாது. அந்தச் சுவருக்கு ரோட்டரி ஹேமர், அதுக்குன்னே காடி வெட்டின எஸ்டிஎஸ் பிட் வேணும். அதுல பிஸ்டன் காத்தை அழுத்தி அடிக்கும், கையால பிடிச்சுக்கிட்டிருந்தாப் போதும். அதே ஓட்டை சில நொடியில விழுந்துடும்.

பட்டறை_சீனியர் | 8:20
நான் நேத்தே சொன்னதுதான். தப்பான மெஷின். சர்வீஸ் சென்டர் சொன்னது சரி. காசைக் கட்டி வாங்கிட்டுப் போங்க.

தச்சன்_மகள் | 8:47
இல்லைங்க. அது எப்படிச் சரியாகும்? @கொசுவலை_ஓஎம்ஆர் அண்ணா, மெஷின் வந்த அட்டைப்பெட்டியும் ஆன்லைன்ல வித்த பக்கமும் பாருங்க. கான்கிரீட்டுக்கு எத்தனை மிமீன்னு போட்டிருக்கும். பாத்துச் சொல்லுங்க.

கொசுவலை_ஓஎம்ஆர் | 9:05
கான்கிரீட் 13 மிமீ, மரம் 25 மிமீ, இரும்பு 10 மிமீன்னு பெட்டியிலயே அச்சடிச்சிருக்கு.

தச்சன்_மகள் | 9:18
அப்போ 13 மிமீ கான்கிரீட் போடும்னு சொல்லி வித்துட்டு, 8 மிமீ போட்டதை ஓவர்லோடுன்னு எந்த வாயால சொல்றாங்க? ரோட்டரி வாங்கறதுதான் நல்லதுன்னு ஓட்டைமன்னன் சொன்னது வேற விஷயம். அது அடுத்த மெஷினுக்கு. இந்த மெஷினுக்கு அவங்க கொடுத்த வாக்கு பெட்டி மேல இருக்கு. மோட்டார்ல ஓடற பொருளுக்கு "எரிஞ்சா வாரண்டி இல்ல"ன்னா, பின்ன எதுக்குத்தான் வாரண்டி? பெட்டிக்கா?

சீனியர் சார், எங்க அப்பா முதல்ல வாங்கினதும் விலை குறைஞ்ச மெஷின்தான். அதுல சம்பாதிச்சுத்தான் அடுத்தது வாங்கினார். தொழில் ஆரம்பிக்கறவங்க கையில இருக்கற காசுக்குத்தான் வாங்க முடியும். விலை குறைச்சல்னா பேரிங் சுமாரா இருக்கலாம், பிளாஸ்டிக் லேசா இருக்கலாம், சத்தம் போடலாம். எழுதிக் கொடுத்த வாரண்டி குறைச்சலா இருக்க முடியாது.

வைண்டிங்_கொரட்டூர் | 10:30
நான் காயில் கட்டற கடை வச்சிருக்கேன். தம்பி, மெஷினை நீங்களே பிரிக்காதீங்க. வெளி மூடியைத் திறந்து பிரஷ் பாக்கறதுல தப்பில்ல. பாடி ஸ்க்ரூவில கை வச்சா அதையே சாக்காச் சொல்லி வாரண்டியை ரத்து பண்ணிடுவாங்க.

சர்வீஸ் சென்டர்ல உங்க கண் முன்னாடி பிரிக்கச் சொல்லி ஆர்மேச்சரைப் பாருங்க. நிஜமாவே ஓவர்லோடுன்னா காயில் சுத்தி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கறுத்திருக்கும், வார்னிஷ் பொரிஞ்சிருக்கும். அனேகமா வெளிய இருக்கற பீல்டு காயிலும் நிறம் மாறியிருக்கும். அதுக்கு மாறா, கமுட்டேட்டர்ல, அதாவது பிரஷ் உரசற செம்பு உருளையில, ஒண்ணு ரெண்டு செம்புப் பட்டை மட்டும் கருகி, மத்தது பளிச்சுன்னு இருந்தா ஒரு காயில் மட்டும் போயிருக்குன்னு அர்த்தம். பட்டையில ஒயர் சேர்ற இடம் சரியாப் பிடிக்கல, இல்ல உள்ள இன்சுலேஷன் உரிஞ்சிருக்கு. புது மெஷின்ல அது பெரும்பாலும் தயாரிப்புல வந்த குறைதான்.

மீட்டர் இருந்தா இன்னும் தெளிவாத் தெரியும். பக்கத்துப் பக்கத்துப் பட்டையா வச்சு வரிசையா ஓம் பாருங்க. எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டணும். ஒரு ஜோடி மட்டும் தனியா ஏறியோ இறங்கியோ காட்டினா அந்தக் காயில்தான். பட்டைக்கும் நடு ஷாஃப்டுக்கும் நடுவுல தொடர்பே காட்டக் கூடாது. ஃபோட்டோ எடுத்து வச்சுக்கோங்க.

அரை_இஞ்ச் | 10:38
பிரஷ்ஷையும் ஒரு தடவை பாத்துடுங்க.

நுகர்வோன் | 11:15
வைண்டிங் அண்ணன் சொன்னதோட இதையும் சேத்துக்கோங்க. வாரண்டி வராதுன்னு வாயால சொல்றதை ஏத்துக்காதீங்க. என்ன பழுது, ஏன் மறுக்கறாங்கன்னு ஜாப் ஷீட்ல (சர்வீஸ் சென்டர் பழுது எழுதித் தர்ற தாள்) எழுதி, தேதியும் சீலும் போட்டுக் கேளுங்க. எழுதினதைக் காட்டி மேல போக முடியும்கறது அவங்களுக்கும் தெரியும்.

ஆன்லைன்ல வாங்கினதால 2020 மின்வணிக விதிகளும் உங்களுக்கு உண்டு. வித்த தளத்துக்குக் குறைதீர்ப்பு அலுவலர் இருக்கணும். புகார் வந்த 48 மணி நேரத்துல பெற்றுக்கொண்டதாப் பதில் சொல்லணும், ஒரு மாசத்துல தீர்க்கணும். அவரோட பேரும் தொடர்பு விவரமும் தளத்துலயே போட்டிருக்கணும், தேடி எடுங்க. பாட்டு ஓடற நம்பரை விட்டுட்டு அவருக்கு மெயில் போடுங்க. பில், பெட்டி ஃபோட்டோ, ஜாப் ஷீட் மூணையும் இணைங்க. கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல பதிவு பண்ணிடுங்க.

அதுக்கும் அசையலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்க குடியிருக்கற ஊர்லயே வழக்குப் போடலாம், கம்பெனி டில்லில இருந்தாலும் சரி. பொருள் விலை 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது. ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும்.

பட்டறை_சீனியர் | 11:40
சட்டம் பேசறவருக்கு ஒரு விஷயம். இவர் கூலி வேலைக்கு வாங்கினவர். வணிக நோக்கத்துக்கு வாங்கினா நுகர்வோரே கிடையாது. படிச்சுப் பாருங்க.

நுகர்வோன் | 12:02
படிச்சிருக்கேன் சார். அதே பிரிவு 2(7)-க்குக் கீழ விளக்கம் இருக்கு, அதையும் படிக்கணும். சுயதொழில் செஞ்சு பிழைப்புக்காக மட்டும் ஒருத்தர் வாங்கிப் பயன்படுத்தினா அது வணிக நோக்கம் ஆகாது. கொசுவலை மாட்டறவர் கையில இருக்கற டிரில்லுக்காகவே எழுதின மாதிரி இருக்கு அது.

லிங்கிசெட்டி_தெரு | 12:30
இவ்வளவு அலைச்சல் எதுக்கு? பாரிஸ் பக்கம் வந்து கடையில கையில பிடிச்சு, ஓட்டிப் பாத்து வாங்கியிருந்தா முடிஞ்சுது. கடைக்காரர் முகத்தைப் பாத்துக் கேக்கலாம். ஸ்பேர் கிடைக்குமான்னு அப்பவே விசாரிச்சுக்கலாம். ஆன்லைன்ல யாரைப் போய்க் கேப்பீங்க?

மாடித்தோட்டம் | 12:41
கடையில மட்டும் என்ன வாழுது? "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது"ன்னு பில்லுலயே ரப்பர் ஸ்டாம்ப். பாதி இடத்துல பில்லே கிடையாது. பில் வேணும்னா விலை ஏறும்பாங்க.

லிங்கிசெட்டி_தெரு | 12:55
எல்லாக் கடையும் அப்படி இல்ல. எங்க தெருவுல தலைமுறையா இருக்கற கடைங்க, போன வருஷம் வித்த மெஷினுக்கும் பிரஷ் எடுத்துக் கொடுக்கும்.

நுகர்வோன் | 1:10
பில் தராம இருக்கறதும், பழுதுள்ள பொருளைத் திரும்ப வாங்க மாட்டேன்கறதும் பிரிவு 2(47)-ல முறையற்ற வணிக நடைமுறை. பழுதுள்ள பொருளைத் திருப்பிக் கொடுக்கறதுக்கு பில்லுல கெடு எதுவும் போடலன்னா 30 நாள். அந்த ரப்பர் ஸ்டாம்புக்கு மதிப்பு கிடையாது. ஆனா தெருக்கடையோ ஆன்லைனோ, வாங்கறதுக்கு முன்னாடி லிங்கிசெட்டி சொன்ன மாதிரி ஆர்மேச்சர், சுவிட்ச், பிரஷ் தனியாக் கிடைக்குதான்னு கேக்கறது ரொம்ப முக்கியம். இறக்குமதிப் பொருள்னா இறக்குமதி செஞ்சவர் பேரும் முகவரியும் பெட்டி மேல இருக்கணும். அது இல்லாத பெட்டியைத் தொடாதீங்க.

அம்பத்தூர்_லைன் | 1:22
எல்லாம் சரி, அந்த அபார்ட்மென்ட்ல வோல்டேஜ் எவ்வளவுன்னு யாராவது கேட்டீங்களா?

தச்சன்_மகள் | 4:05
@கொசுவலை_ஓஎம்ஆர் அண்ணா, நாளைக்கு வேலைக்கு என்ன பண்ணப் போறீங்க? ரோட்டரி ஹேமர் வாடகைக்குக் கிடைக்கும். ஒரு நாளைக்கு எடுத்துக்கோங்க. ஒத்துக்கிட்ட வேலை நிக்கக் கூடாது.

கொசுவலை_ஓஎம்ஆர் | புதன் இரவு 10:11
ரோட்டரி வாடகைக்கு எடுத்து வேலை முடிச்சுட்டேன். இன்னிக்கு சர்வீஸ் சென்டர் போய்ப் பெட்டியைக் காட்டி, மறுக்கறதா இருந்தா எழுதிக் கொடுங்கன்னு கேட்டேன். பிரிச்சுக் காட்டினாங்க, ரெண்டு பட்டை மட்டும் கருகியிருந்துச்சு. மேனேஜர் யார்கிட்டயோ போன்ல பேசிட்டு வந்து ஆர்மேச்சர் இலவசமா மாத்தித் தரேன்னுட்டார். ஸ்பேர் வர பத்து நாள் ஆகுமாம். எல்லாருக்கும் நன்றி.

வைண்டிங்_கொரட்டூர் | 10:40
நல்லது தம்பி. பத்து நாள்ங்கறதையும் ஜாப் ஷீட்ல எழுதி வாங்கினீங்களா? பிரஷ்ஷையும் சேத்து மாத்தச் சொல்லுங்க, கருகின பட்டையில உரசின பிரஷ் புது கமுட்டேட்டரைக் கீறிடும். கையில வந்ததும் கொஞ்ச நேரம் லோடு இல்லாம ஓட்டுங்க, பிரஷ் படியணும்.

அரை_இஞ்ச் | 10:46
பிரஷ்ஷைப் பாருங்கன்னு முதல்லயே சொன்னேன்.

பட்டறை_சீனியர் | 11:03
ஆர்மேச்சர் மாத்தினாலும் அது அதே 600 வாட்தான். மைவான் சுவருக்குத் திரும்பவும் எடுத்துட்டுப் போகாதீங்க. இதையாவது கேளுங்க.

ஓட்டைமன்னன் | 11:09
இதுல சீனியர் சொல்றது சரி. செங்கல் சுவருக்கும் மரத்துக்கும் அதை வச்சுக்கோங்க. கான்கிரீட்டுக்கு ரோட்டரி வாங்கற வரைக்கும் வாடகைக்கே எடுங்க.

மாடித்தோட்டம் | அடுத்த மாதம், சனி காலை 9:30
@கொசுவலை_ஓஎம்ஆர் மெஷின் கைக்கு வந்துச்சா? எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கும் அதே சர்வீஸ் சென்டர்ல கட்டிங் மெஷின் கிடக்கு, அதான் கேக்கறேன்.