மணியோடு 101-இல் வடக்கே: கூடாரம், கடல், எல்க் கூட்டம்

நாயைக் கூட்டிக்கொண்டு கடற்கரைப் பூங்காக்களில் கூடாரம் போட முடியுமா என்று கேட்பவர்களுக்காக எங்கள் அனுபவத்தை எழுதுகிறேன். நானும் இவரும் கலிஃபோர்னியாவில் சான் ஹோசேயில் இருக்கிறோம். நாய்க் காப்பகத்திலிருந்து எடுத்து வந்த லாப்ரடார் கலப்பு மணியையும் ஏற்றிக்கொண்டு மே மாதக் கடைசியில் 101 நெடுஞ்சாலையைப் பிடித்து வடக்கே அடுத்த மாநிலமான ஓரிகன் கடற்கரை வரை போய் வந்தோம்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கலிஃபோர்னியாவும் ஓரிகனும் நாய் விஷயத்தில் அடியோடு வேறு. கலிஃபோர்னியா மாநிலப் பூங்காக்களில் பெரும்பாலும் முகாம் இடம், தார்ச்சாலை, பார்க்கிங் இவ்வளவுதான் நாய்க்கு. நடைபாதைகளிலும் பல கடற்கரைகளிலும் அனுமதி இல்லை, லீஷ் (நாயைப் பிடிக்கும் வார்) 6 அடிக்கு மேல் இருக்கக் கூடாது, இரவில் கூடாரத்துக்குள்ளோ வண்டிக்குள்ளோதான் தூங்க வைக்க வேண்டும். சூ-மெக் பூங்காவில் (2021 வரை பேட்ரிக்ஸ் பாயின்ட் என்று இருந்தது, அங்குள்ள பூர்வகுடிகளான யூரோக் மக்கள் வைத்திருந்த பழைய பெயரையே திரும்பக் கொடுத்திருக்கிறார்கள், எனக்கு அதில் ரொம்ப சந்தோஷம்) அகேட் பீச்சுக்கு இவர் இறங்கிப் போனபோது நான் மணியோடு மேலே இருந்தேன், அப்புறம் அவர் வந்து மணியைப் பிடித்துக்கொள்ள நான் போனேன். இப்படி முறை மாற்றிப் பார்ப்பதற்கு மனம் ஒப்பாதவர்கள் நாயை நல்ல இடத்தில் விட்டுவிட்டுப் போவதே மேல்.

மறக்க முடியாத இடம் கோல்ட் பிளஃப்ஸ் பீச். வானளாவிய ரெட்வுட் மரங்கள் நிற்கும் ரெட்வுட் தேசிய, மாநிலப் பூங்காக்களில் நாயை எந்தக் காட்டுப் பாதையிலும் விட மாட்டார்கள். ஆனால் இந்தக் கடற்கரையிலும் இங்குள்ள முகாமிலும் லீஷோடு விடுகிறார்கள். டேவிசன் ரோடு என்ற மண் சாலையில் குலுங்கிக் குலுங்கிப் போனால் ஒரு பக்கம் மஞ்சள் நிற மண் மேடு, மறுபக்கம் பசிபிக், நடுவில் மணலில் கூடாரம். சாயங்காலம் இவர் கேஸ் அடுப்பில் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார், மணி சட்டென்று எழுந்து நின்றான். குரைக்கவில்லை, முதுகு முடி மட்டும் சிலிர்த்துக்கொண்டு நின்றது. பார்த்தால் புல் மேட்டின் பின்னாலிருந்து ரூஸ்வெல்ட் எல்க் கூட்டம் இறங்கி வருகிறது. நம் ஊர்க் கடமானை இன்னும் பெரிதாக்கியது போல உடம்பு, கழுத்தில் கருத்த பிடரி. பெண் எல்க்குகள் கன்று ஈனும் காலம் அது. நாயைப் பார்த்தால் அவற்றுக்கு ஓநாய் நினைப்புதான் வரும், பயந்து விலகாது, முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நேரே வரும். அதனால் லீஷில் இருக்கும் நாயும் அங்கே ஆபத்துதான், லீஷைப் பிடித்திருக்கும் ஆளுக்கும் சேர்த்து. அடுப்பை அணைத்துவிட்டு மூவரும் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டோம். கூட்டம் எங்கள் கூடாரத்தைத் தாண்டி மேய்ந்தபடி கடலோரம் போய் நின்றது, ஒரு கன்று அலை நுரையைப் பார்த்துத் துள்ளித் துள்ளி ஓடியது. கண்ணாடிக்குப் பின்னால் மணி மூச்சுகூடச் சத்தமாக விடவில்லை. இருட்டும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம், ரசம் ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் கொதித்தது.

பக்கத்தில் இருக்கும் ஃபெர்ன் கேன்யனுக்குள்ளும் நாய் போக முடியாது. மே 15 முதல் செப்டம்பர் 15 வரை அங்கே காரில் போக முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டும், ஆனால் கோல்ட் பிளஃப்ஸில் தங்குபவர்கள் முகாமிலிருந்தே நடந்து போய்விடலாம். நாங்கள் அங்கேயும் முறை வைத்துத்தான் போனோம்.

ரெட்வுட் முகாம்களில் நாய் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம், தட்டில் மிச்சம் விடும் நாய்த் தீனி. மார்பிள்டு மர்ரெலெட் என்று ஒரு கடற்பறவை, மீன் பிடிப்பது கடலில், முட்டை இடுவது உள்நாட்டில் இந்தப் பழம்பெரும் மரங்களின் கிளையில். அது கூடு கட்டும் இடத்தை 1974-இல்தான், கலிஃபோர்னியாவின் பிக் பேசின் பூங்காவில் ஒரு மரமேறி தற்செயலாகக் கண்டார். நாம் சிந்தும் துணுக்குகளுக்காக முகாமைச் சுற்றிக் காக்கைகளும் ஸ்டெல்லர் ஜே பறவைகளும் பெருகுகின்றன, அவையே மேலே போய் அந்த முட்டையையும் தின்கின்றன. மர்ரெலெட் வருஷத்துக்குப் பொதுவாக ஒரே ஒரு முட்டைதான் இடும். மணியின் தட்டை அவன் நக்கி முடித்த நிமிஷமே கழுவி வண்டிக்குள் வைத்தோம். இதை யாரும் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள், தயவுசெய்து.

எல்லை தாண்டி ஓரிகனுக்குள் போனதும் மணிக்கு விடுதலை. அங்கே 1967-இல் வந்த கடற்கரைச் சட்டத்தால் செடி முளைக்கும் எல்லை வரை மணல் முழுக்கப் பொதுமக்கள் பயன்படுத்தலாம், சொத்து வைத்திருப்பவர் வேலி போட முடியாது. முகாமில் லீஷ் கட்டாயம், ஆனால் பெரும்பாலான கடல் மணலில் கூப்பிட்டால் வரும் நாயை அவிழ்த்துவிடலாம். புரூக்கிங்ஸ் ஊரில் ஹாரிஸ் பீச்சில் மணி ஓடிய ஓட்டத்தை நான் சொல்லி மாளாது.

அங்கேயும் விலக்கு உண்டு. ஸ்னோயி பிளவர் என்ற சின்னப் பறவை வெறும் மணலில் குழி பறித்து முட்டை இடும், 1993 முதல் அது ஆபத்திலிருக்கும் இனப் பட்டியலில் இருக்கிறது. அதற்காக மார்ச் 15 முதல் செப்டம்பர் 15 வரை சில பகுதிகளில் லீஷோடுகூட நாய் வரக் கூடாது. பேண்டன் ஊருக்குத் தெற்கே அப்படி ஒரு பலகையைப் பார்த்துத் திரும்பினோம். நாய் தூரத்தில் வந்தாலே தாய் முட்டையை விட்டு ஓடிவிடும், அந்த இடைவெளியில் காற்று மணலைக் கொண்டு மூடும் அல்லது காக்கை எடுத்துப்போகும் என்று அங்கே நின்றிருந்த தன்னார்வலர் பெண்மணி விளக்கினார், தன் தொலைநோக்கியிலும் பார்க்கக் கொடுத்தார். உள்ளங்கைக்குள் அடங்கும் பறவை, ஓடும் வேகம் நம்பவே முடியாது.

ரோக் ஆறு கடலில் சேரும் கோல்ட் பீச் ஊரில் ஒரு பெரியவர் படகுத்துறையில் சால்மன் கழுவிக்கொண்டிருந்தார். மணி மூக்கை நீட்டியதும் மீன் தலையைச் சட்டென்று தூக்கி வாளிக்குள் போட்டுவிட்டு, சமைக்காத சால்மன் நாயைக் கொன்றுவிடும் தெரியுமா என்று கேட்டார். கால்நடை மருத்துவரும் எங்களிடம் ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருந்தார். இந்தப் பகுதிச் சால்மன், டிரவுட் மீன்களில் இருக்கும் ஒரு தட்டைப்புழுவுக்குள் நாயைத் தாக்கும் பாக்டீரியா இருக்கிறது. தின்று ஒரு வாரம் போல ஆனதும் காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு வரும், மருந்து கொடுக்காவிட்டால் பெரும்பாலான நாய்கள் பிழைப்பதில்லை. சீக்கிரம் கண்டுபிடித்தால் ஆன்டிபயாடிக்கில் சரியாகிவிடும், அதனால் ஊர் திரும்பிய பிறகு நாய் சோர்ந்தால் பயணம் போன இடத்தை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். நம் சாப்பாட்டிலும் வெங்காயம், பூண்டு நாய்க்கு விஷம். சாம்பார் சாதம் எங்களுக்கு, வெறும் சோறும் வேகவைத்த கோழியும் மணிக்கு என்று தனித்தனிப் பாத்திரத்தில்தான் வைத்தோம்.

ஓரிகனிலேயே யாஹட்ஸ் ஊர் அருகே மணலில் தனியாக ஒரு சீல் (கடல்நாய்) குட்டி கிடந்தது. தாய் இரை தேடப் போகும்போது இப்படிக் கரையில் விட்டுப் போவது வழக்கம், ஆளும் நாயும் சுற்றி நின்றால் அது திரும்பி வரப் பயப்படும். மணியை லீஷில் கட்டி நூறு தப்படி தள்ளிப் போனோம். பக்கத்தில் வந்த இன்னொரு குடும்பம் குட்டிக்குத் தண்ணீர் ஊற்றப் போக, இவர்தான் ஓடிப்போய் நிறுத்தினார்.

கடலைப் பற்றி: இந்தக் கரையில் அமைதியாக இருக்கும்போதே திடீரென்று ஒரு அலை மேலே ஏறி வரும், தண்ணீர் கோடையிலும் எலும்பை உறைய வைக்கும். 2012 நவம்பரில் ஹம்போல்ட் கவுன்டி பிக் லகூனில் அலை இழுத்த நாயைக் காப்பாற்ற இறங்கிய ஒரே குடும்பத்தில் மூன்று பேர் இறந்தார்கள், நாய் தானாகக் கரையேறிவிட்டது. குச்சி, பந்து எதையும் அலைப்பக்கம் எறியாதீர்கள். நாய் உள்ளே போய்விட்டால் மனதைக் கல்லாக்கிக்கொண்டு கரையிலேயே நின்று கூப்பிடுங்கள்.

மாநிலப் பூங்கா முகாம்களுக்கு இரு மாநிலங்களிலும் ஆறு மாதம் முன்பே பதிவு திறந்துவிடும், வார இறுதி இடங்கள் சீக்கிரம் போய்விடும். அடுத்தது வாஷிங்டன் ஒலிம்பிக் பூங்காதான். கலாலாக் கடற்கரைகளிலும், ரியால்டோ பீச்சில் எலன் ஓடை வரையிலும் நாயை விடுகிறார்கள். செப்டம்பரில் அங்கே நாயோடு கூடாரம் போட்டவர்கள் இருந்தால் மழை எப்படி, மணல் காய்கிறதா என்று எழுதுங்கள், மணிக்கு ஒரு மழைக்கோட்டு வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம்.