பட்டியல் இல்லாத இடத்தில் குலுக்கல் எப்படிப் போடுவது?

ஆய்வு மாணவி:
வணக்கம். சென்னையில் வீட்டு வேலை செய்யும் பெண்களின் சம்பளம், விடுப்பு பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். 300 பேரைப் பார்க்கத் திட்டம். நிகழ்தகவு மாதிரிதான் வேண்டும், அதாவது ஒவ்வொருவரும் தேர்வாகும் வாய்ப்பு எவ்வளவு என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்கிறார் நெறியாளர். ஆனால் இவர்களுக்கென்று முழுப் பட்டியல் எங்குமே கிடைக்கவில்லை. ஒருவரைப் பிடித்து, அவர் மூலம் அடுத்தவரைப் பிடிக்கும் பனிப்பந்து முறையில் போகலாமா?

தெருமுனை:
தாராளமாகப் போங்கள் அம்மா. நான் எய்ட்ஸ் தடுப்புப் பணியில் பல வருடம் இருந்தவன். 1986இல் இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது இதே சென்னையில்தான். டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் பாலியல் தொழிலாளர்களின் ரத்த மாதிரிகளைச் சேகரித்துச் சோதித்தார்கள், ஆறு பேருக்கு இருந்தது. எந்தப் பட்டியலை வைத்துக் குலுக்கினார்கள்? போக முடிந்த இடத்துக்குப் போனார்கள், அவ்வளவுதான். பட்டியலுக்காகக் காத்திருந்தால் எத்தனை வருடம் வீணாகியிருக்கும்?

களக்கணக்கு:
மறுக்கவில்லை ஐயா. 'இங்கே இருக்கிறதா' என்ற கேள்விக்கு அது போதும். 'எத்தனை பேருக்கு' என்று கேட்டால் போதாது. அதே நோயின் கதையைத் தொடர்ந்து பாருங்கள். கர்ப்பிணிகள் பரிசோதனைக்கு வரும் மருத்துவமனைகள், பால்வினை நோய்ச் சிகிச்சை மையங்கள் போன்ற இடங்களில் எடுத்த ரத்தத்தை வைத்தே நாட்டின் மொத்தக் கணக்கைப் போட்டார்கள். 52 லட்சம் பேர் என்று வந்தது. 2005-06இல் மூன்றாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு, குலுக்கலில் வந்த வீடுகளில் ஒரு லட்சம் பேருக்கு மேல் ரத்தம் எடுத்தது. 2007இல் மதிப்பீடு சுமார் 25 லட்சமாக இறங்கிவிட்டது. பாதிப்பேர் குணமாகிவிடவில்லை. மருத்துவமனை வாசலில் நிற்பவர்களை வைத்து ஊரை அளந்ததில் வந்த பிழை அது.

தெருமுனை:
சரி, ஆனால் பாதிக் கதைதான் சொல்கிறீர்கள். 25 லட்சம் வீட்டுக் கணக்கெடுப்பிலிருந்து மட்டும் வந்ததல்ல. ஊசி மூலம் போதை ஏற்றுபவர், பாலியல் தொழிலாளர் எல்லாம் வீட்டு வாசலில் நின்று 'நான் இன்னார்' என்று சொல்வார்களா? அவர்களுக்காகப் பழைய மையங்களின் தகவலையும் சேர்த்துத்தான் போட்டார்கள். கதவைத் தட்டினால் எல்லோரும் கிடைத்துவிடுவார்கள் என்று நம்பாதீர்கள்.

களக்கணக்கு:
ஏற்கிறேன். ஆனால் வீட்டு வேலை செய்பவர்கள் அப்படி ஒளிந்து வாழ்பவர்கள் இல்லையே. மாணவிக்கு ஒன்று சொல்கிறேன்: ஆட்களின் பட்டியல் இல்லாவிட்டால் என்ன, தெருக்களின் பட்டியல் உண்டு. மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக நகரத்தையே சிறு சிறு பிளாக்குகளாகப் பிரித்திருக்கிறார்கள். அவற்றைக் குலுக்கி, வந்த பிளாக்கில் வீடு வீடாகப் போய் 'வீட்டு வேலைக்குப் போகிறவர் யாராவது உண்டா' என்று கேட்டு நீங்களே பட்டியல் எழுதுங்கள்.

நான் ஒரு கணக்கெடுப்பில் மேற்பார்வை பார்த்தபோது, ஒரு பெண் பூட்டிய வீட்டுக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டில் படிவத்தை நிரப்பிவிட்டாள். தெருவெல்லாம் சாக்பீஸில் எண் போட்டிருந்ததால் கண்டுபிடித்துவிட்டேன். வெயிலில் மூன்று மாடி ஏறி இறங்கிய பிள்ளை, திட்ட மனம் வரவில்லை. ஆனாலும் மறுபடி அனுப்பினேன். பகல் 11 மணிக்குப் பூட்டியிருக்கும் வீடுதானே வேலைக்குப் போனவளின் வீடு! பக்கத்து வீட்டை எடுத்தால் வேலைக்குப் போகாதவள்தான் கணக்கில் ஏறுவாள். உங்கள் ஆய்வில் இது உயிர்நாடி, சாயங்காலம் ஏழு மணிக்குப் போங்கள்.

அப்புறம், 20 பிளாக்கில் தலா 15 பேர் என்பதைவிட 50 பிளாக்கில் தலா 6 பேர் நல்லது. ஒரே தெருப் பெண்கள் பெரும்பாலும் ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பில் வேலை பார்ப்பார்கள், சம்பளமும் ஒன்றுபோலவே இருக்கும்.

தெருமுனை:
வேலை செய்யும் வீட்டிலேயே தங்கியிருக்கும் பெண்களை இதில் எங்கே பிடிப்பீர்கள்? உங்கள் பிளாக் அந்த வீட்டிலேயே விழுந்தாலும் கதவைத் திறப்பது முதலாளியம்மா. அவர் பக்கத்தில் நிற்கும்போது 'மாதம் எத்தனை நாள் லீவு' என்று கேட்டு என்ன பதில் வரும்?

களக்கணக்கு:
அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

ஆய்வு மாணவி:
நன்றி ஐயா, இருவருக்கும். தினமும் போய் வருபவர்களைப் பிளாக் குலுக்கலில் எடுக்கிறேன். தங்கி வேலை செய்பவர்கள் 30 பேரைப் பனிப்பந்து முறையில் தனியாகப் பார்க்கிறேன்.

களக்கணக்கு:
செய்யுங்கள். அந்த 30 பேரை 300உடன் கூட்டிச் சதவீதம் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

தெருமுனை:
ஒரே ஆளிடமிருந்து தொடங்கினால் 30 பேரும் ஒரே ஊர்க்காரர்களாக வருவார்கள் அம்மா. ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் ஒருவர், பூங்காவுக்குக் குழந்தையைக் கூட்டி வருபவர் ஒருவர், ஏஜென்ட் மூலம் வந்தவர் ஒருவர் என்று நாலைந்து முனையிலிருந்து பிடியுங்கள். பேச்சைப் பூங்கா பெஞ்சிலேயே வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் வேண்டாம்.