பால் பைத்தானின் தொட்டியில் ஈரப்பதம் நிற்பதில்லை

கேள்வி:

ஒன்றரை வயதுள்ள பால் பைத்தான் (ball python, பந்துபோல் சுருளும் மலைப்பாம்பு வகை) ஒன்றைக் கம்பிவலை மூடியிட்ட கண்ணாடித் தொட்டியில் வளர்க்கிறேன். வெப்பப் பக்கம் 32 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 26 டிகிரி. காலையும் மாலையும் நீர் தெளித்தும், சற்று நேரம் 80 சதவீதத்துக்கு ஏறும் ஈரப்பதம் இரண்டே மணி நேரத்தில் 40-க்கு இறங்கிவிடுகிறது. சென்ற முறை பாம்பு சட்டையை முழுதாகக் கழற்றாமல் துண்டு துண்டாக உரித்தது; வால் நுனியில் ஒரு வளையமும், ஒரு கண்ணின் மேல் பழைய செதிலும் தங்கிவிட்டதாகத் தெரிகிறது. இன்னும் அதிகமாகத் தெளிக்க வேண்டுமா? கண்ணில் இருப்பதை நானே எடுத்துவிடலாமா?

பதில் 1:

கண்ணைத் தொடாதீர்கள். பாம்புக்கு இமை கிடையாது. கண்ணை மூடியிருக்கும் தெளிந்த செதில்தான் ஒவ்வொரு முறையும் சட்டையோடு கழன்று வருகிறது. பழையது என்று நினைத்து இடுக்கியால் இழுத்தால் அடியிலுள்ள புதிய செதிலும் கிழிந்து, கண்ணே கெட்டுவிடக்கூடும். ஈரப்பதம் சீரானால் பெரும்பாலும் அடுத்த உரிப்பில் அதுவும் சேர்ந்து வந்துவிடும். வராவிட்டால் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். வால் வளையம்தான் அவசரமானது, ஏனெனில் அது காய்ந்து இறுகினால் இரத்த ஓட்டம் தடைபட்டு நுனி கருகிவிடும். ஆழமில்லாத வெதுவெதுப்பான நீரில் இருபது நிமிடம் உங்கள் கண்காணிப்பிலேயே வைத்திருந்து, பிறகு ஈரத்துணிக்குள் ஊர்ந்து செல்ல விடுங்கள்.

தெளிப்பதைக் கூட்டுவதால் பயனில்லை. விளக்கு சூடாக்கிய காற்று வலை வழியே மேலேறிப் போகும்போது ஈரத்தையும் கொண்டுபோகிறது. விளக்கின் அடியைத் தவிர்த்து மூடியின் மூன்றில் இரண்டு பங்கை அலுமினியத் தாளால் மூடுங்கள். தாள் விளக்கைத் தொடக்கூடாது. தரையில் என்ன பரப்பியிருக்கிறீர்கள் என்று சொல்லவில்லை. செய்தித்தாள் என்றால் ஈரம் தங்க இடமே இல்லை. தேங்காய் மட்டைத் துண்டுகளை எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பரப்பி, மூலைகளில் நீரை ஊற்றினால் அடியடுக்கு நனைந்து, மேற்பரப்பு உலர்ந்தே இருக்கும். அந்த நீர் நாட்கணக்கில் மெல்ல ஆவியாகும்.

பதில் 2:

ஈரப்பதமானி எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். நாம் அளப்பது ஒப்பு ஈரப்பதம். காற்றிலுள்ள நீராவியின் அளவு மாறாமலே வெப்பம் ஏறினால் சதவீதம் இறங்கும். 32 டிகிரியில் 40 சதவீதம் காட்டும் அதே காற்று 26 டிகிரியில் ஏறக்குறைய 57 காட்டும். ஆகவே விளக்கடியில் மானியை ஒட்டியிருந்தால் உங்கள் நிலைமை நீங்கள் அஞ்சும் அளவுக்கு மோசமில்லை. முள் வைத்த வட்ட மானிகளை நான் நம்புவதில்லை. எந்த மானியானாலும், சமையல் உப்பைச் சில துளி நீர் விட்டு ஈர மணல் பதத்துக்குக் குழைத்து, இரண்டையும் காற்றுப் புகாத டப்பாவில் ஓர் இரவு வையுங்கள். 75 காட்ட வேண்டும்.

கேள்வி கேட்டவர்:

செய்தித்தாள்தான் விரித்திருந்தேன், மானியும் விளக்கின் கீழேதான் இருந்தது. உப்புச் சோதனையில் 69 காட்டியது. மட்டைத் துண்டுகளுக்கு மாற்றிய பிறகு குளிர்ந்த பக்கத்தில் 66 நிற்கிறது. இதை 80-க்கு மேல் கொண்டுபோனால் இன்னும் நல்லதா?

பதில் 3:

மானி ஆறு குறைத்துக் காட்டுவதால் உண்மையில் 72 இருக்கும். பால் பைத்தானுக்கு அது போதும். இதற்கு மேல் தரை நசநசவென்று ஆனால் வயிற்றுச் செதில்களில் கொப்புளம் வந்து அழுகத் தொடங்கும். தேங்கிய ஈரக் காற்றில் சுவாசத் தொற்றும் வரும்: மூச்சில் சீட்டி போன்ற ஒலி, வாயோரத்தில் நுரை. எனவே காற்றோட்டத்தை முழுவதும் அடைக்காதீர்கள். (என் சோளப்பாம்புக்கு 50 சதவீதமே தாராளம், ஓர் இனத்தின் எண்ணை இன்னொன்றுக்கு வைக்காதீர்கள்.)

அடுத்த உரிப்புக்கு முன் கண்கள் நீலம் பாய்ந்து மங்கும்போது, பிழிந்த பாசி நிரப்பிய ஒரு மூடிய பெட்டியைத் துளையிட்டு உள்ளே வையுங்கள். வேண்டும்போது பாம்பே புகுந்துகொள்ளும். சட்டை கழன்றதும் அதை நீரில் நனைத்து விரித்து, தலைப்பகுதியில் கண் செதில்கள் இரண்டும் இருக்கின்றனவா, வால் நுனி வரை வந்திருக்கிறதா என்று பாருங்கள்.