கண்ணகியும் புத்தரும் யேசுவும் இன்றைக்கு வன்னிக்கு எதற்கு?

கரைச்சி வாசகன்:
எங்கள் ஊர்ப் பொதுநோக்கு மண்டபத்தில் போன கிழமை கோயில் திருப்பணிக்குக் காசு சேர்ப்பது பற்றி ஒரு கூட்டம் நடந்தது. உயர்தரம் படிக்கிற ஒரு பிள்ளை எழும்பி, "இவ்வளவு காலத்துக்கு முந்தினவர்கள் இப்ப எங்களுக்கு என்ன செய்கிறார்கள்?" என்று கேட்டது. பெரியவர்கள் அதட்டி இருத்திவிட்டார்கள். அது அதட்டி அடக்குகிற கேள்வி இல்லை. அதனால் இங்கே கொண்டுவருகிறேன்.

என்னைக் கேட்டால், ஒன்றும் செய்யவில்லை. எங்கள் பாட்டன்மார் காலத்தில் பெரியம்மை வந்தால் வேப்பிலை கட்டி அம்மனுக்கு நேர்ந்தார்கள். அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை, நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் 1796இல் ஜென்னர் தடுப்பூசிக்கு வழி காட்டினார். 1980இல் பெரியம்மை உலகத்தில் இல்லாமல் ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. 2018 டிசம்பரில் இரணைமடு வான்பாய்ந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தபோது சனத்துக்கு உதவியது படகும் சமைத்த சாப்பாடும். குளத்துக்கு எவ்வளவு தண்ணீர் வருகிறது, எந்த நேரம் கதவு திறக்க வேண்டும் என்று கணக்குப் பார்ப்பதற்கு எந்தத் தீர்க்கதரிசியும் தேவையில்லை. கணக்குத் தெரிந்த பொறியியலாளர் தேவை.

பாலைமர நிழல்:
தம்பி, தடுப்பூசியை நானும் மறுக்கவில்லை. என் பிள்ளைகளுக்கு எல்லா ஊசியும் நேரத்துக்குப் போட்டேன். ஆனால் உங்கள் கணக்குப்படி 1980க்குப் பிறகு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலுக்கு ஒருவரும் போகத் தேவையில்லையே. போகிறார்கள். வைகாசிப் பொங்கலுக்குச் சிலாவத்தையில் கடல் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் உப்புநீரில் விளக்கேற்றி, அதை வற்றாப்பளைக்குக் கொண்டுபோகிறார்கள். பின்னால் போகிற சனத்தில் எத்தனை பேர் அம்மை நோய்க்கு நேர்ந்தவர்கள்? நான் அறிய ஒருவரும் இல்லை. காணாமல் போன பிள்ளைக்காக வருகிறார்கள். வெளிநாட்டில் வழக்கில் நிற்கிற மகனுக்காக வருகிறார்கள். காணி விடுபடவேண்டும் என்று வருகிறார்கள்.

ஏன் அவளிடம்? அவளுடைய கதை அப்படி. விசாரிக்காமல் கொன்ற அரசனின் வாசலில், மிச்சமிருந்த ஒற்றைச் சிலம்போடு தனியாகப் போய் நின்றவள். "தேரா மன்னா" என்று முகத்துக்கு நேரே சொன்னவள். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில் அம்மாமார் படத்தோடு வந்து குந்தினார்கள். அவர்கள் கேட்டதும் அதே கேள்விதான்: எங்கே என் பிள்ளை, யார் விசாரித்தீர்கள்? அந்தக் கேள்விக்கு எங்களிடம் இருக்கிற மிகப் பழைய முகம் கண்ணகியுடையது.

கரைச்சி வாசகன்:
அக்கா, அந்த அம்மாமார் மேல் எனக்கு இருக்கிற மரியாதைக்கு அளவில்லை. ஆனால் அவர்களுக்குத் துணிவு கொடுத்தது பெற்ற வயிறு. கண்ணகியைக் கேள்விப்படாத ஆர்ஜென்ரீனாவிலும் 1977இல் காணாமல் போன பிள்ளைகளைக் கேட்டுத் தாய்மார் சதுக்கத்தில் இறங்கி நடந்தார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கண்ணகியின் பெயரால் எங்கள் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தது நீதி கேட்பதையா? கற்பைத்தான் சொல்லிக்கொடுத்தோம். புருசன் வேறொருத்தியிடம் போய் எல்லாம் தொலைத்துவிட்டு வந்தாலும் வாய் திறக்காமல் சிலம்பைக் கழற்றிக் கொடு என்றோம். போரில் புருசனை இழந்த எத்தனை பெண்கள் வன்னியில் தனியாகக் குடும்பம் நடத்துகிறார்கள்! அவர்களில் ஒருத்தி மறுமணம் செய்தால் ஊர் என்ன கதைக்கிறது? கலியாண வீட்டில் ஆரத்தி எடுக்க விடுகிறார்களா? இந்தச் சனம் வாழ்கிற வாழ்க்கைக்கு அந்தக் கதை ஒரு விலங்கு.

மடு வீதி:
நான் கத்தோலிக்கன், மன்னார்ப் பக்கம். எங்கள் மடு மாதாவையும் சேர்த்துக் கதையுங்கள்.

ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துரத்திய காலத்தில் மாந்தையில் இருந்து காட்டுக்குள் கொண்டுபோன சொரூபம் அது. 1999 நவம்பரில் ஆலய வளாகத்தில் எறிகணை விழுந்து, தஞ்சம் புகுந்திருந்த சனம் குழந்தைகளோடு செத்தது. 2008 ஏப்ரலில் சண்டை நெருங்க, குருமார் சொரூபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். மாதாவும் எங்களோடு இடம்பெயர்ந்தா என்றுதான் எங்கள் சனம் சொல்லும். எங்களைக் காப்பாற்றினாவா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆனால் கூட வந்தா. தறப்பாள் கொட்டிலில் இருந்த சனத்துக்கு அது சின்ன விசயம் இல்லை.

இப்ப ஆவணித் திருவிழாவுக்குத் தெற்கில் இருந்து பஸ் பஸ்ஸாகச் சிங்களச் சனம் வருகிறது. ஒரே மரத்தடியில் அடுப்பு மூட்டிச் சமைக்கிறோம். இந்த நாட்டில் அப்படி இரண்டு சனமும் பயமில்லாமல் பக்கத்தில் படுத்து எழும்புகிற இடங்கள் எத்தனை இருக்கின்றன? யேசு அயலவன் யார் என்று கேட்டவனுக்குச் சமாரியனைத்தான் காட்டினார். யூதருக்குச் சமாரியரைக் கண்ணில் காட்டக்கூடாத காலம் அது. பகைவனுடைய ஆளையே நல்லவனாக வைத்துக் கதை சொல்ல இன்றைக்கு எங்களில் யாருக்குத் துணிவு இருக்கிறது?

நெடுங்கேணிப் பெடியன்:
மன்னியுங்கள், எனக்கு இந்த மன்னிப்புக் கதை வேண்டாம். நீங்கள் எல்லாரும் தெய்வம் என்ன சொன்னது என்று கதைக்கிறீர்கள். தெய்வத்தின் பெயரால் எங்கள் இடத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். வெடுக்குநாறி மலையில் 2023 மார்ச்சில் ஆதிசிவன் விக்கிரகங்கள் உடைந்து கிடந்தன. அடுத்த வருசம் சிவராத்திரிக்குப் போனவர்களில் 8 பேரைக் கைது செய்தார்கள். செம்மலை நீராவியடியில், நீதிமன்றம் வேறிடம் சொல்லியும், பிள்ளையார் கோயில் தீர்த்தக்கேணிக்குப் பக்கத்தில் 2019இல் பிக்குவின் உடலை எரித்தார்கள். குருந்தூர் மலையில் விகாரை எழும்பிய கதை உங்களுக்குத் தெரியும்.

ஜே. ஆர். ஜெயவர்த்தனா 1951இல் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில், பகை பகையால் தணியாது, அன்பினாலேயே தணியும் என்ற புத்தரின் வாக்கைச் சொல்லி யப்பானுக்காகப் பேசினார். உலகம் கைதட்டியது. அதே மனிதர் ஆட்சியில்தான் 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது, 1983 ஜூலை நடந்தது. புத்தர் அவரை ஒரு விரலாலும் தடுக்கவில்லை. தடுக்க ஏலாத ஒருவர் எங்களுக்கு எதற்கு?

நந்திக்கடல் ஓரம்:
நெடுங்கேணித் தம்பியின் கோபம் நியாயம். நான் ஓய்வுபெற்ற ஆசிரியன், அந்தக் கோபம் எனக்கும் இருக்கிறது. ஆனால் புத்தரை அவர்களிடம் முழுதாக எழுதிக் கொடுத்துவிட்டு வர எனக்குச் சம்மதம் இல்லை.

தமிழில் ஒரு பெருங்காப்பியமே பௌத்தம். மணிமேகலையின் கையில் இருந்தது பசித்தவருக்குச் சோறு போடுகிற பாத்திரம். நாகபட்டினமும் காஞ்சியும் பௌத்தம் இருந்த ஊர்கள். தமிழன் புத்தரை வணங்கிய காலம் ஒன்று இருந்ததென்று எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்தால், நிலத்துக்குள் ஒரு பழைய விகாரைக் கல் வந்தவுடன் 'இது சிங்கள இடம்' என்று சொல்கிறவருக்கு நிமிர்ந்து பதில் சொல்லலாம். இல்லாவிட்டால் கல்லைக் கண்டே நாங்கள் பயப்படுவோம். எனக்கு இதுதான் இந்த விவாதத்திலேயே முக்கியமான விசயம். மற்றவர்கள் அவ்வளவு கவனிக்காததில் எனக்குக் கவலை.

அடுத்தது, யாரை நம்புவது என்று கேட்ட காலாமர் என்ற குலத்தவருக்குப் புத்தர் சொன்னது: பரம்பரையாக வந்தது என்றோ, நூலில் இருக்கிறது என்றோ, குரு சொன்னார் என்றோ ஏற்காதீர்கள், நன்மை தருமா என்று நீங்களே பாருங்கள். கரைச்சித் தம்பி, நீங்கள் முதல் பதிவில் கேட்டது அவர் கேட்கச் சொன்ன கேள்விதான். 1956 ஒக்ரோபர் 14இல் நாக்பூரில் அம்பேத்கர் இலட்சக்கணக்கான சனத்தோடு பௌத்தத்துக்குப் போனார். அவர் சட்டம் தெரியாதவரா? இந்தியாவின் அரசியலமைப்பை வரைந்த குழுவின் தலைவர். அரசியலமைப்பு கையில் இருந்தும், சாதியில் மிதிபட்ட சனத்துக்கு நிமிர்ந்து நிற்க ஒரு முகம் வேண்டும் என்று கண்டார்.

கரைச்சி வாசகன்:
ஐயா, அம்பேத்கர் பழைய புத்தரை அப்படியே எடுக்கவில்லை. தனக்குச் சரி என்று பட்டதை வைத்துக்கொண்டு, மற்றதைத் தள்ளினார். நீங்களும் அதைத்தான் செய்கிறீர்கள். மணிமேகலையின் பாத்திரத்தை எடுக்கிறீர்கள். கண்ணகியின் கேள்வியை எடுத்துக் கற்பை விடுகிறீர்கள். எதை எடுப்பது, எதை விடுவது என்று தீர்மானிப்பது இன்றைய மனச்சாட்சி. அந்த மனச்சாட்சி ஏற்கெனவே கையில் இருக்கும்போது பழைய ஆள் எதற்கு? 1948இன் மனித உரிமைப் பிரகடனம் யாரையும் எந்தக் கோயில் வாசலிலும் நிறுத்தாது. 1968இல் மாவிட்டபுரத்தில் ஒடுக்கப்பட்ட சாதிச் சனத்தை வாசலில் மறித்து நின்றவர்கள் முருகன் பெயரால்தான் நின்றார்கள்.

நந்திக்கடல் ஓரம்:
உள்ளே முருகனுக்குப் பக்கத்தில் வேடர் வளர்த்த வள்ளி நின்றாள். மறித்தவர்களை வெட்கப்படுத்த அதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

நீராவிப்பிட்டியான்:
இவ்வளவு நேரம் வாசித்தேன், எங்களைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. 1990 ஒக்ரோபரில் புலிகளால் வடக்கில் இருந்து வெளியேற்றப்பட்ட சனம் நாங்கள். நபியவர்களும் மக்காவை விட்டு மதீனாவுக்குப் போனவர் என்பதைச் சொல்லித்தான் எங்கள் வாப்பா புத்தளம் முகாமில் எங்களை வளர்த்தார். அது எங்களுக்கு என்ன செய்தது என்று எங்களைக் கேட்டுப் பாருங்கள்.

நான் எழுத வந்தது வட்டி பற்றி. வன்னியில் நுண்கடன் காரர் கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நின்று பெண்களை என்ன பாடு படுத்தினார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அதற்கு மேல், மீற்றர் போல நிற்காமல் ஏறுகிற மீற்றர் வட்டி. ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன். 2018இல் வரட்சி மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பெண்களின் கடனை அரசாங்கம் பொறுப்பேற்க வேண்டி வந்தது. நபியவர்கள் 632இல் கடைசி ஹஜ் உரையில் வட்டி முழுவதையும் தள்ளுபடி செய்தார். அதில் முதலாவதாகத் தள்ளியது தன் சொந்தச் சாச்சா அப்பாஸுக்கு வரவேண்டிய வட்டியை. சொந்த வீட்டில் தொடங்கினார். கடன்பட்டவர் கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும்வரை தவணை கொடுங்கள் என்று குர்ஆனில் இருக்கிறது. வாசலில் வந்து கத்துகிற வசூல்காரனுக்கு இதைவிடப் புதிதாக என்ன சொல்லவேண்டும்?

நெடுங்கேணிப் பெடியன்:
நீராவிப்பிட்டி நானா, வெளியேற்றம் பற்றி எழுதியதற்கு நன்றி. எங்கள் பக்கத்தில் அதைப் பற்றிக் கதைப்பது குறைவு. ஆனால் என் கேள்வி அப்படியே இருக்கிறது. நல்லது சொன்னவர்கள் என்பதை நான் ஒருபோதும் மறுக்கவில்லை. அதிகாரம் உள்ளவன் கேட்கவில்லை என்பதுதான் என் குறை.

பாலைமர நிழல்:
கேட்கமாட்டான் தம்பி. கண்ணகி கேட்டவுடன் பாண்டியன் உயிரை விட்டான் என்று கதை சொல்கிறது. எங்கள் அரசாங்கங்களுக்கு அந்த வெட்கம் கிடையாது. 2016இல் காணாமல் போனோர் அலுவலகத்துக்குச் சட்டம் போட்டார்கள், அம்மாமார் இன்னும் தெருவில்தான். பிரகடனமும் கேட்கப்படவில்லை, புத்தரும் கேட்கப்படவில்லை. அப்ப எது சும்மா கிடக்கிறது, எது சனத்தை எழும்பி நடக்கவைக்கிறது என்றுதான் நான் பார்ப்பேன்.

கரைச்சித் தம்பிக்கு ஒன்று. கற்பைச் சொல்லிப் பெண்களை அடக்கினார்கள் என்றீர்கள். அது உண்மை. என் சொந்தத் தங்கச்சி கைம்பெண். எங்கள் குறிச்சிக் கோயிலில் பொங்கலுக்கு முதற்பானை வைக்க அவளை விடவில்லை, மங்களகாரியம் என்றார்கள். கருவறையில் இருப்பவள் யார்? புருசன் வெட்டுப்பட்டுச் செத்தபின் தலைவிரி கோலமாக வந்தவள். வன்னி முழுக்கக் கும்பிடுகிற தெய்வம் ஒரு கைம்பெண். இந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு அவள் வேண்டும். நிர்வாகசபைக்கு ஒரு மனு எழுதப்போகிறேன்: முதற்பானையைப் போரில் புருசனை இழந்த பெண்கள் வைக்கவேண்டும்.

கரைச்சி வாசகன்:
அந்த மனுவில் நானும் கையெழுத்து வைக்கிறேன், அக்கா. ஆனால் காரணம் என்ற இடத்தில் ஆணும் பெண்ணும் சமம் என்று எழுதுங்கள். கண்ணகி சுமங்கலியாக இருந்திருந்தாலும் உங்கள் தங்கச்சிக்கு அந்த உரிமை இருக்கவேண்டும். உரிமையை ஒரு கதையில் தொங்கவிட்டால், நாளைக்கு வேறொரு கதையோடு ஒருவர் வந்து பறிப்பார்.

மடு வீதி:
அது கவனிக்கவேண்டிய பேச்சு.

பாலைமர நிழல்:
இரண்டு காரணத்தையும் எழுதுகிறேன். கூட்டத்தில் வாசிக்கும்போது மட்டும் என்னுடையதை முதலில் வாசிப்பேன். சமத்துவம் என்று தொடங்கினால், அது பட்டணத்துக் கதை, எங்கள் வழமை வேறு என்று அந்தச் சபை உடனே சொல்லும். பல தரம் சொல்லிவிட்டார்கள். உள்ளே இருப்பவள் கைம்பெண் என்று சொன்னால், அவர்கள் முதலில் அவளைப் பார்த்துப் பதில் சொல்லவேண்டும். பொங்கலுக்கு முந்தின கூட்டம் சனிக்கிழமை பின்னேரம். முடிந்தால் நீங்களும் வாருங்கள் தம்பி, அந்த உயர்தரப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு.