மோட்டார் அறைக்கு ஐசோலேட்டரா, எம்.சி.பி.யா, பழைய இரும்புப் பெட்டியா?

தென்னந்தோப்பு:
ஏழரை எச்.பி. நீர்மூழ்கி மோட்டார், டி.ஓ.எல். ஸ்டார்ட்டர் (மோட்டாரை நேரடியாக முழு மின்னழுத்தத்தில் கிளப்புவது). இரும்புப் பெட்டி மெயின் சுவிட்ச் துருப்பிடித்து, கைப்பிடி பாதியிலேயே நின்றுவிடுகிறது. மாற்றாகச் சுழல் கைப்பிடி ஐசோலேட்டர் (கையால் இணைப்பைப் பிரிக்கும் சுவிட்ச்), மூன்று முனை எம்.சி.பி. (கரண்ட் மிகுந்தால் தானாக விழுந்து அணையும் சுவிட்ச்), ஃபியூஸ் வைத்த புதிய இரும்புப் பெட்டி என மூன்றைக் கடைக்காரர் காட்டுகிறார். எதை வாங்கலாம்?

கிணற்றடி:
மறுபேச்சே வேண்டாம், இரும்புப் பெட்டிதான். மூன்று ஃபியூஸ் கேரியரையும் (ஃபியூஸ் கம்பி மாட்டிய பிடிகள்) பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால் இணைப்பு விட்டுப்போனது கண்ணுக்கே தெரியும். எம்.சி.பி.யில் அந்தச் சிறிய நெம்பை நம்பித்தான் கைவைக்க வேண்டும்.

ஒயர்மேன்:
ஐயா, ஒரு ஃபியூஸ் மட்டும் போனால் மோட்டார் மூன்று பேஸில் (மின்முனையில்) இரண்டில் மட்டும் முனகிக்கொண்டே சூடேறும், காயில் கருகிவிடும். போன ஃபியூஸுக்குப் பதில் கையில் கிடைத்த தடித்த செப்புக் கம்பியை முறுக்கிப் போடுவதையும் தோட்டம் தோட்டமாகப் பார்க்கிறேன். எம்.சி.பி. விழுந்தால் மூன்று பேஸும் ஒன்றாக விடும். இந்த மோட்டார் ஓடும்போது 12 முதல் 15 ஆம்பியர் எடுக்கும். கிளம்பும்போது அதைப்போல ஆறேழு மடங்கு. ஆகவே 'டி' வகை கேளுங்கள். 'சி' வகை தன்மேல் அச்சிட்ட ஆம்பியரைப்போல 5 மடங்கிலேயே விழக்கூடும்; 'டி' வகை 10 மடங்கு வரை தாங்கும்.

கிணற்றடி:
டிரான்ஸ்ஃபார்மரிலேயே ஒரு பேஸ் போனால் உங்கள் எம்.சி.பி. என்ன செய்யும்? அதற்கு ஸ்டார்ட்டரில் சிங்கிள் பேஸிங் பிரிவென்டர்தான் (ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்தும் கருவி) வேண்டும். அது இருந்தால் ஃபியூஸ் போனாலும் மோட்டார் பிழைத்துக்கொள்ளும். என் கவலை ஆளைப் பற்றியது. எங்கள் பக்கம் மும்முனை மின்சாரம் நேரம் பிரித்து வருகிறது. கரண்ட் இல்லை என்று ஸ்டார்ட்டரைத் திறந்து கைவைப்பார்கள். கரண்ட் வந்ததும் மோட்டாரைத் தானாகக் கிளப்பும் ஆட்டோ சுவிட்சோ போட்டபடியே கிடக்கும். திடீரென்று கரண்ட் வந்தால்? கேரியர் என் பையில் இருக்கும்வரை அந்தப் பயம் இல்லை.

ஒயர்மேன்:
பயம் நியாயமானது. ஆனால் கைப்பிடி பாதியில் நிற்கும் பெட்டியில், கேரியரைப் பிடுங்கும்போதே விரல் கரண்ட் ஓடும் தகட்டருகே போகிறது. ஐசோலேட்டரில் ஆஃப் நிலையில் பூட்டு மாட்டத் துளை உள்ளதாகப் பார்த்து வாங்கலாம். சாவி வேலை செய்பவரிடம் இருக்கட்டும். மேலே ஏ.சி.-23 என்று அச்சிட்டிருக்க வேண்டும். அது மோட்டார் லோடுக்கான தரம், ஏ.சி.-20 என்றால் லோடு இல்லாதபோது மட்டுமே இயக்கலாம்.

தென்னந்தோப்பு:
அப்படியானால் ஐசோலேட்டர் மட்டும் போதுமா?

ஒயர்மேன்:
போதாது. ஷார்ட் சர்க்யூட் ஆனால் அது தானாக விடாது. முதலில் ஐசோலேட்டர், அடுத்து எம்.சி.பி., பிறகு ஸ்டார்ட்டர். பணம் இடித்தால் எம்.சி.பி. மட்டும் வைத்து, நெம்பில் மாட்டும் பூட்டுக் கொக்கியைச் சேர்த்து வாங்குங்கள்.

கிணற்றடி:
எம்.சி.பி.க்குப் பதில் எச்.ஆர்.சி. ஃபியூஸ் (கம்பி கட்ட முடியாத, மூடிய குழல் ஃபியூஸ்) போடுங்கள் என்றே சொல்வேன். பெரிய ஷார்ட்டைத் தாங்கும் திறன் அதற்குத்தான் அதிகம். கம்பி முறுக்கும் வேலையும் நடக்காது. பூட்டு விஷயத்தில் தம்பியோடு எனக்கு வழக்கில்லை.

ஒயர்மேன்:
எச்.ஆர்.சி. என்றால் மாற்று ஃபியூஸ் மூன்று எப்போதும் அறையில் இருக்க வேண்டும், ஐயா. ராத்திரித் தண்ணீர் பாயும்போது ஒன்று போனால், பழையபடி செப்புக் கம்பியைத்தான் தேடுவார்கள். தோப்புக்காரருக்கு இன்னொன்று: ஸ்டார்ட்டரோடு கெப்பாசிட்டர் இருந்தால், பூட்டிய பிறகும் சிறிது நேரம் அதில் மின்சாரம் தேங்கியிருக்கும். ஐந்து நிமிடம் பொறுத்து, டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்த பிறகு தொடுங்கள்.