குப்பைக்கிடங்கு அருகே நிலத்தடி நீர்: எந்த நுண்ணுயிர் வேலை நடக்கிறது என்று எப்படி உறுதி செய்வது?

வணக்கம். முதுகலை ஆய்வுக்காக, அடியில் தடுப்பு விரிப்பு இல்லாத பழைய குப்பைக்கிடங்கு ஒன்றைச் சுற்றியுள்ள ஆழ்துளைக் கிணறுகளில் நீர் எடுத்துவருகிறேன். கிடங்கை ஒட்டிய கிணற்றில் ஆக்சிஜனும் நைட்ரேட்டும் இல்லை. கரைந்த இரும்பும் அம்மோனியமும் ஏகத்துக்கு. கொஞ்சம் தள்ளிப்போனால் சல்பேட் தலைகாட்டுகிறது.

பாடப்புத்தக வரிசை தெரியும்: கழிவிலுள்ள கரிமப்பொருளைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள், சுவாசத்துக்கு ஆக்சிஜன், அப்புறம் நைட்ரேட், மாங்கனீசு, இரும்பு, சல்பேட் என்று தீர்த்துவிட்டுக் கடைசியில் மீத்தேனுக்கு வரும். நிலத்தடியில் அவ்வளவு ஒழுங்காக நடப்பதில்லை. அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் 1985இல் மூடப்பட்ட நார்மன் குப்பைக்கிடங்கில், மாசு பரவிய பகுதியின் ஓரங்களில்தான் சல்பேட் ஒடுக்கம் (நுண்ணுயிர்கள் சல்பேட்டைச் சுவாசத்துக்குப் பயன்படுத்தி சல்பைடாக மாற்றுவது) மும்முரமாக இருந்தது. நடுவில் சல்பேட் தீர்ந்துவிடுகிறது; ஓரத்தில்தான் சல்பேட்டோடு புதுநீர் வந்து கலக்கிறது. என் கிணறுகளோ பல மெல்லிய அடுக்குகளின் நீரை ஒன்றாகக் கலந்து தருபவை. அதுதான் கவலை.

இரும்பு அதிகம் என்பதால் இரும்பு ஒடுக்கம் அங்கேயே நடக்கிறது என்று எழுதலாமா, அல்லது நீரோட்டத்தின் மேல்பக்கமிருந்து அடித்துவந்ததாக இருக்குமா? எந்த ஒடுக்கம் நடக்கிறது என்று கண்டுபிடிக்க, கரைந்த ஹைட்ரஜனோ கந்தக ஐசோடோப்போ அளந்தவர்கள் இருந்தால் எங்கே செய்தீர்கள், செலவு எவ்வளவு என்று சொல்லுங்கள். ஒரே கிணற்றில் ஆழவாரியாக நீர் எடுக்க மலிவான வழி இருந்தாலும் சரி. களத்திலேயே வடிகட்டி அமிலம் சேர்த்துவிடுகிறேன், அந்த அறிவுரை வேண்டாம்!