குளோரெல்லா ஒன்பதாம் நாளே மஞ்சளாகிவிட்டது, எது குறை?

பாசிப்பையன்:
பாலிடெக்னிக் கடைசி ஆண்டு புராஜெக்ட்டுக்காக வீட்டில் குளோரெல்லா என்ற நுண்பாசி வளர்க்கிறேன். 2 லிட்டர் போத்தல், மீன்தொட்டி ஏர் பம்ப், 12 மணி நேரம் விளக்கு. முதல் வாரம் பாண்டான் சாறு மாதிரி பச்சை, இப்போது வெளிறிப்போய் எலுமிச்சை நிறம், அடியில் பழுப்பு வண்டல் வேறு. பிஜி-11 என்ற பாசி ஊட்டக் கரைசல் நானே கலந்தது: லிட்டருக்குச் சோடியம் நைட்ரேட் 0.15 கிராம், பொட்டாசியம் பாஸ்பேட் 0.04, மக்னீசியம் சல்பேட் 0.075, மற்றதெல்லாம் துளித்துளி. செத்துவிட்டதா? வெள்ளிக்கிழமை அளவெடுக்க வேண்டும்.

தெம்பனிஸ்_மீன்தொட்டி:
தம்பி, இரும்பாக இருக்கும். குளோரோபில் நடுவில் உட்கார்ந்திருப்பது என்னவோ மக்னீசியம்தான், ஆனால் அதை உருவாக்கவே இரும்பு வேண்டும். பாஸ்பேட்டோடு சேர்ந்தால் இரும்பு அடியில் படிந்துவிடும், உங்கள் வண்டல் அதுவோ என்னவோ. இரும்பைப் படியவிடாமல் பிடித்து வைக்கிற இடிடிஏ போட்டீர்களா? அப்புறம், குழாய்த் தண்ணீர் என்றால் கிருமி கொல்லப் போடுகிற குளோரமின் இருக்கும், ராத்திரி திறந்து வைத்தாலும் லேசில் போகாது.

ஆய்வுக்கூட_அக்கா:
இரும்பு இருக்கட்டும், நைட்ரேட் அளவை இன்னொரு முறை பாருங்கள். பிஜி-11-இல் அது 1.5 கிராம். 0.15 போட்டால் லிட்டருக்கு 25 மில்லிகிராம் நைட்ரஜன்தான் தேறும். நன்றாக வளரும் செல்லின் உலர் எடையில் 7, 8 சதவீதம் நைட்ரஜன், அப்படியென்றால் மூன்றில் ஒரு பங்கு கிராம் பாசி வந்ததுமே பானை காலி.

உடனே சாகாது. தன் குளோரோபில்லையே உடைத்து நைட்ரஜனை மீட்கும், பிடிக்கிற கார்பனைப் புரதமாக்க வழியில்லாமல் மாவுச்சத்தாகவும் எண்ணெயாகவும் சேர்த்து வைக்கும். பயோடீசல்காரர்கள் வேண்டுமென்றே பட்டினி போடுவது இதற்குத்தான். ஆனால் எண்ணெய்ச் சதவீதம் ஏறும்போது வளர்ச்சி படுத்துவிடுவதால் மொத்த எண்ணெய் கூடாமலே போகலாம், பல புராஜெக்ட் அறிக்கைகள் சறுக்குகிற இடம் இது.

மூன்று கிளாஸில் பிரித்து ஒன்றில் நைட்ரேட், ஒன்றில் இடிடிஏ கலந்த இரும்பு போடுங்கள், மூன்றாவது சும்மா இருக்கட்டும்.

பாசிப்பையன்:
இரண்டு நாள் கழித்து வருகிறேன். நைட்ரேட் கிளாஸ் பச்சை திரும்பிவிட்டது, மற்ற இரண்டும் அப்படியே. நோட்டுப் புத்தகத்தில் 1.5 என்றுதான் எழுதியிருக்கிறேன் அக்கா, தராசில் நிறுத்தபோது புள்ளியை நகர்த்தியது என் கைங்கரியம். மஞ்சள் போத்தலைக் கொட்டவில்லை, வெள்ளிக்கிழமை எண்ணெய் அளவுக்கு அதையே எடுத்துப்போகிறேன்.

தெம்பனிஸ்_மீன்தொட்டி:
சரி, தோற்றேன். ஆனாலும் அடுத்த முறை இரும்பைக் கடைசியில் தனியாக ஊற்றுங்கள் தம்பி.